பத்து மாதமும் ஒரு சொட்டும் வேண்டாம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட மேடையில் இனிய பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் ஒரே வகுப்பில் படித்து, தாதியாகவும் குடும்ப நல உத்தியோகத்தராகவும் ஆசிரியையாகவும் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த நாங்கள், இன்று வேறொரு விடயத்தைச் சொல்ல வந்திருக்கிறோம். கர்ப்பிணித் தாய்மார் மது அருந்துவது பற்றியது அது. நம்மவரைக் குறை சொல்வதாகிவிடுமோ என்று பல ஆண்டுகள் பேசாமல் இருந்தோம். அது தவறு.

ஆண்களின் குடியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பெண்ணின் குடி லயத்துக் கதவுக்குள் மறைந்திருக்கும். நாங்கள் கண்ட பெண்கள் உல்லாசத்துக்குக் குடித்தவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துவிட்டு வருபவர்கள். உடம்பு அலுப்புக்கும் குளிருக்கும் மருந்து என்று நினைத்துக் கொஞ்சம் சாராயமோ கசிப்போ குடித்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுப்பதைக்கூட வீட்டு வைத்தியமாகவே பலர் எண்ணினார்கள்.

ஒரு கிளினிக் நாளில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி சாராய வாடையோடு வந்தாள். எங்களில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அவளை ஏசிவிட்டார். அதன்பின் அவள் கிளினிக் பக்கமே வரவில்லை. பிள்ளை நிறை குறைவாகப் பிறந்தது. காரணம் மதுவா, இரத்தச்சோகையா, போசாக்குக் குறைவா என்று எங்களால் சொல்ல முடியாது. அவளோடு பேசக் கிடைத்த வாய்ப்பை நாங்களே கெடுத்துக்கொண்டோம் என்பது மட்டும் நிச்சயம்.

தாய் குடிக்கும் மது அவள் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சேர்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்குச் சிசுவின் ஈரல் முதிர்ந்திருக்காது. மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்வதால், பாதுகாப்பான மாதம் என்று ஒன்றில்லை. பாதுகாப்பான அளவு என்றும் ஒன்று கண்டறியப்படவில்லை. பியரும் வைனும் சாராயமும் இதில் ஒன்றுதான். 1968இல் பிரான்சிலும் 1973இல் அமெரிக்காவிலும் வைத்தியர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். குறைந்த வளர்ச்சி, சிறிய தலை, முகத்தில் சில அடையாளங்கள் என்பன அவர்கள் கண்டவை. முகத்தில் எதுவும் தெரியாமலே ஞாபகமும் கவனமும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் "மந்தம்" என்று நாங்கள் தண்டித்த பிள்ளைகளை இப்போது நினைத்துப் பார்க்கிறோம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருக்க முடியாது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் அரசாங்கம் நீக்கி, சில நாட்களிலேயே மீண்டும் கொண்டுவந்தது. நாடே அதைப் பற்றி வாதாடியது. ஆனால் போத்தலைக் கணவன் வாங்கி வந்தாலும் அது லயத்துக்குள் வந்துவிடுகிறதே! கர்ப்பிணியின் வீட்டில் கணவனும் மாமியும் சேர்ந்து மதுவை விலக்கினால்தான் அவளால் விலக்க முடியும்.

கர்ப்பம் தெரியுமுன் குடித்துவிட்ட பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். இன்று நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான் என்று சொல்லுங்கள். தினமும் அதிகம் குடித்துப் பழகியவள் திடீரென நிறுத்தினால் ஆபத்து வரலாம். அவளை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். எதைக் கேட்பதானாலும் தனியாக, தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பர்னிலும் இதை வாசிக்கும் தங்கைமாரே, இது தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. விருந்தில் கையில் தரும் ஒரு கிளாஸ் வைனுக்கும் இதே விதிதான். கர்ப்பிணிகள் மதுவை முற்றாகத் தவிர்ப்பதே பாதுகாப்பானது என்று பிரித்தானியத் தலைமை வைத்திய அதிகாரிகள் 2016இல் அறிவித்தார்கள்.

இந்தப் பாடசாலைக்கு நம்மில் பலரை அனுப்பியது கொழுந்து பறித்த கைகள். அந்தக் கைகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியையாவது, அவர்களின் பேரப்பிள்ளைகள் நலமாகப் பிறக்கத் துணை நின்று தீர்ப்போம்.