பிறநாட்டு உணவும் நம் நாவும்



திருவண்ணாமலைக்கு மக்கள் வருவது அண்ணாமலையாரைத் தொழுவதற்கும் மலையை வலம் வருவதற்குமே. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பௌர்ணமி இரவில் நடப்போர்க்கு நடுவழியில் பசி எடுப்பது இயல்பு. புளியோதரையும் சுண்டலும் மோரும் அப்பசியை நெடுங்காலமாகத் தணித்து வந்திருக்கின்றன. இன்று அவற்றோடு நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் என்னும் பெயர்களும் நகரத் தெருக்களில் பழகிவிட்டன. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கத்திலோ, பல நாட்டு யாத்திரிகர்கள் வந்து தங்குவதால், பல நாட்டுச் சமையலும் கலந்து கிடைக்கும் உணவு விடுதிகள் தோன்றியுள்ளன. 1934ஆம் ஆண்டில் பால் பிரண்டன் எழுதிய நூல் ரமண மகரிஷியை மேல்நாட்டார்க்கு அறிமுகப்படுத்திய நாள் முதல் அவ்வரவு பெருகி வந்திருக்கிறது. விருந்தினர் வந்தால் அவர்கள் நாக்கும் உடன் வரும் அன்றோ?

இதைக் கண்டு பெரியோர் சிலர், "நம் உணவு கெட்டது" என்று வருந்துகின்றனர். இளைஞர் சிலரோ, "இட்டலியும் சாம்பாரும் அலுத்துவிட்டன" என்கின்றனர். இவ்விரு கூற்றையும் சற்று ஆராய்வோம்.

முதலில், 'நம் உணவு' என்பது யாது? காரம் இல்லாத தமிழ்ச் சமையலை நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆயினும் அக்காரத்தைத் தரும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்ச்சுகீசியர் வாயிலாகவே அது இந்நாட்டிற்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு நாடியது மிளகையே. சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறிக்கும். புதிதாக வந்த காயும் மிளகைப்போல் உறைத்தமையால் அதனை மிளகாய் என்றார்கள். உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. இதற்குச் சான்று நம் இல்லங்களிலேயே உண்டு. சிராத்தச் சமையலில் இன்றும் மிளகாயை விலக்கி மிளகைச் சேர்க்கும் வழக்கத்தைப் பல குடும்பங்களில் காணலாம். பழைய அடுப்பின் நினைவு அந்த ஒருநாள் சமையலில் தங்கியிருக்கிறது. ஆதலால், கலப்பு என்ற ஒரே காரணத்தால் ஓர் உணவை இகழ்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

இனி, ஆசிய நாடுகளின் சமையல் ஒன்றோடொன்று கலந்த வரலாற்றைக் காண்போம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள், சீனரின் கோதுமை இழைகளை வாங்கி, தம் மசாலையைச் சேர்த்து, மலாய் மக்களின் சுவைக்கேற்ப வறுத்து, 'மீ கோரெங்' என்னும் உணவை உண்டாக்கினர். அக்கடைகளை அங்கே 'மாமாக்' கடைகள் என்பர். நம்முடைய 'மாமா' என்னும் உறவுச்சொல்லே அவ்வாறு திரிந்தது. 1949இல் சிங்கப்பூரில் உணவகம் நடத்திய கேரளத்தவரான எம். ஜே. கோமஸ், சீனர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்டு, அதனைத் தென்னாட்டுக் குழம்பிலிட்டுப் பரிமாறினார். இன்று அது அந்நகரத்தின் புகழ்பெற்ற உணவுகளுள் ஒன்று.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது சென்னை நகரின் 'அத்தோ'. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் பலர். வணிகராகவும், கூலியாட்களாகவும், எழுத்தர்களாகவும் அவர்கள் அங்கே வேரூன்றியிருந்தனர். 1962இல் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964இல் கடைகளும் வாணிகமும் அரசுடைமை ஆயின. வீடும் பொருளும் இழந்து பெருந்திரளான மக்கள் கப்பலேறித் தமிழகம் வந்தனர். அகதிகளாக வந்தவர்களுள் சிலர் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே கடை விரித்தனர். 1969இல் அங்கே பர்மா பஜார் அமைந்தது. அதனருகே, தாம் பர்மாவில் உண்டு பழகிய உணவையே தள்ளுவண்டிகளில் விற்றுச் சிலர் பிழைத்தனர்.

பர்மிய மொழியில் 'அத்தோ' என்பது பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும் சொல். வேகவைத்த நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய் ஆகியவற்றைக் கையால் பிசைந்து தருவார்கள். உடன் அருந்துவதற்கு வாழைத்தண்டு சேர்த்த சாறும் உண்டு. பர்மாவில் 'மொஹிங்கா' என்னும் அச்சாற்றை மீனிட்டுக் காய்ச்சுவர். சென்னையில் சைவமாகவும் காய்ச்சுகின்றனர். இங்கே கலப்பு நேர்ந்தது வேடிக்கைக்காக அன்று. ஊரை இழந்தவர்கள் தம் கையில் எஞ்சியிருந்த ஒரே முதலாகிய கைப்பக்குவத்தைக் கொண்டு வாழ்வைத் தொடங்கினார்கள். அந்தத் தட்டில் ஒரு குடிபெயர்ச்சியின் சரித்திரமே இருக்கிறது.

மஞ்சூரியனின் கதை வேறு. கல்கத்தாவில் பிறந்த சீன வமிசத்தவரான நெல்சன் வாங் என்பவர், 1975இல் பம்பாய்க் கிரிக்கெட் கிளப்பின் சமையலறையில், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகிய நம் நாட்டுச் சேர்க்கையோடு சீனரின் சோயா சாற்றைக் கூட்டிக் கோழியிறைச்சியைச் சமைத்தார் என்பர். மஞ்சூரியா நாட்டிற்கும் அதற்கும் பெயரளவன்றித் தொடர்பில்லை. பின்னர் கோழியின் இடத்தில் காலிப்பூ புகுந்தது. அதுவே இன்று நம் தெருமுனை வரை வந்துள்ளது.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று. நிலைத்து நின்ற கலப்பு உணவுகளை ஆக்கியவர்கள் இரண்டு சமையலையும் கற்றவர்கள், அல்லது இரண்டு மக்களோடும் வாழ்ந்தவர்கள். புளியின் அளவும் சோயாவின் உப்பும் அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தன. இன்றைய புதுமை விடுதிகளுள் அத்தகைய அறிவோடு சமைப்பவை உண்டு. பெயரை மட்டும் கலந்து, தோசைக்குள் எதையேனும் திணித்து, விலையை உயர்த்துபவையும் உண்டு. இரண்டையும் பகுத்தறிவது உண்பவரின் கடமை. பெயர்ப்பலகையின் நீளத்தையும் விளக்குகளின் அழகையும் கொண்டு உணவை மதிப்பிடலாகாது. புதிய உணவொன்றை உண்ணும்போது, "இதை முதலில் சமைத்தவர் யார்? எந்த நாட்டிலிருந்து, என்ன காரணத்தால் இது இங்கு வந்தது?" என்று கேளுங்கள். அக்கேள்வி பூகோளத்தையும் சரித்திரத்தையும் உங்கள் இலையிலேயே கற்பித்துவிடும்.

இன்னொன்றும் கூறவேண்டும். புதுமையைச் சுவைத்துப் பார்க்கும் ஆவலில் பலவற்றை வரவழைத்துப் பாதியை எறிந்துவிடும் வழக்கம் பரவி வருகிறது. இதே திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆசிரமத்துச் சமையலறையில் தாமே காய் நறுக்கியும் சமைத்தும் பணிபுரிந்தவர். பிறர் எறியும் கீரைத்தண்டையும் வீணாக்கவிடாமல் பயன்படுத்தியவர். எல்லோர்க்கும் இல்லாத தனிப் பண்டம் தமக்கு வேண்டாம் என்று மறுத்தவர். உணவு எந்நாட்டினதாயினும், அதனை வீணாக்காமையும் பகிர்ந்துண்ணலும் மாறாத நெறிகள்.

ஆகவே, புதியதைக் கண்டு அஞ்சவும் வேண்டா. பழையதைக் கண்டு நாணவும் வேண்டா. அன்று அயலாராக வந்த மிளகாய் இன்று நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. இன்று வருபவற்றுள் எது அவ்வாறு தங்கும் என்பதைக் காலமும் உங்கள் நாவும் முடிவு செய்யும். அந்நாவிற்கு நல்ல பழக்கத்தைத் தருவது உங்கள் பொறுப்பு.