உள்ளேன் ஐயா!

கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை ஊர் ஊராக வந்து கூடியிருக்கும் முன்னாள் மாணவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு "இந்தத் தாத்தா எப்போ முடிப்பாரு" என்று பார்க்கும் இந்நாள் மாணவச் செல்வங்களே!

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு கதவு திறக்கும். ஒன்று முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரைத் தரும் தேக்கடி மதகு. இன்னொன்று பள்ளிக்கூடம். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கருக்கு முதல் போகத் தண்ணீர் வரும். அப்பாவுக்கு விதைநெல் வேண்டும், பிள்ளைக்கு நோட்டு வேண்டும். இரண்டு செலவும் ஒரே வாரத்தில் வந்து வாசலில் நிற்கும். ஊர்க் கடைக்காரர் இரண்டையும் ஒரே பற்றில் எழுதிக்கொள்வார். அறுப்பு முடிந்துதான் அந்தப் பற்று அடையும். அப்படிக் கடனில் வாங்கிய நோட்டில் எழுதிப் படித்தவர்கள்தான் இங்கே பாதிப் பேர்.

எங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்த சார் பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே கேட்பார்: "அணை எத்தன அடிடா?" வரும் வழியில் டீக்கடைத் தினத்தந்தியில் நீர்மட்டம் பார்க்காமல் வந்தவன் எழுந்து நிற்க வேண்டும். ஒருநாள் எவனோ, "கன அடின்னா என்ன சார்?" என்று கேட்டுவிட்டான். அவர் கோபப்படவில்லை. வகுப்பின் மூலைக்குப் போனார். இரண்டு சுவரும் தரையும் சேருகிற இடத்தில், ஸ்கேலை வைத்து நீளம் ஓரடி, அகலம் ஓரடி, உயரம் ஓரடி என்று சாக்பீஸால் கோடு போட்டார். "இது ஒரு பெட்டி. ஒண்ணுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இதுமாதிரி நானூறு பெட்டி ஆத்துல போகுதுன்னு வச்சுக்க. அதுதான் வினாடிக்கு நானூறு கன அடி" என்றார். அதற்குப் பிறகு அந்த மூலையில் யாரும் பையை வைக்கவில்லை. அது தண்ணீர் போகிற இடம்!

அதே சார்தான் சொல்வார்: பொறியாளர் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்தது 1895-ல். தண்ணீர் வந்த பிறகுதான் இரண்டு போகம். இரண்டு போகம் வந்த பிறகுதான் வீட்டில் நாலு காசு. நாலு காசு வந்த பிறகுதான் உன் தாத்தா உன் அப்பனைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அனுப்பினார். 1979-ல் அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைத்தார்கள். பெரியவர்கள் அதை வழக்கு, வாய்தா, இரண்டு மாநிலத் தகராறு என்று பேசினார்கள். எங்களுக்கு அது வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. அணையில் தண்ணீர் குறைந்தால் இங்கே பெஞ்சில் பிள்ளை குறையும். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 மே மாதம். அந்தத் தீர்ப்பு வந்தபோது எங்கள் சாரை நினைத்துக்கொள்ளாத மாணவன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான்.

எங்கள் தமிழ் ஐயாவின் பெருமையே வேறு. "சின்னமனூர்ல ஒரு செப்பேடு கெடச்சிருக்குடா. பாண்டிய ராசா மதுரையில சங்கம் வச்சதும், பாரதத்தைத் தமிழ்ல கொண்டுவந்ததும் அதுலதான் இருக்கு. மதுரையோட பெருமைக்குச் சாட்சி சொன்ன ஊருடா நம்ம ஊரு" என்பார். எங்களுக்குச் சின்னமனூர் என்றால் சினிமா கொட்டகை. அது பத்தாம் நூற்றாண்டிலேயே தமிழைப் பற்றிப் பேசிய ஊர் என்று தெரிந்த அன்று, பஸ்ஸில் அந்த ஊரைக் கடக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

விளையாட்டுக்கும் தின்பண்டத்துக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் என் வகுப்புத் தோழர்கள் இறங்கவிட மாட்டார்கள். தொடக்கப் பள்ளியில் மதியம் கோதுமை ரவை உப்புமா. கேர் தொண்டு நிறுவனம் அனுப்பிய கோதுமை. வரிசையில் முதல் ஆளாக நின்றால் சூடு கிடைக்கும், கடைசி ஆளாக நின்றால் அடிப்பிடித்த காந்தல் கிடைக்கும். காந்தலுக்காகவே கடைசியில் நின்றவர்கள் உண்டு. வாசலில் ஆத்தா ஒருவர் கொடுக்காப்புளி, இலந்தைப்பழம், உப்புமிளகாய் தடவிய மாங்காய் விற்பார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். அதற்கு நாற்பத்தைந்து வருடம் முன்பே எங்கள் காக்கி டவுசர் பையில் அதன் குறியீடு நீலமாகப் பதிந்திருந்தது. பந்தல்காரர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து பையைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும்.

பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று கத்துவோமே, அதை ஒரு பெரியவர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டே நிற்பார். என் தோழன் ஒருவனின் தாத்தா. ஏன் நிற்கிறார் என்று வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. நம் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காக ஊரையே குற்றவாளி என்று எழுதி, கைரேகை வாங்கி, ராத்திரி ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் கச்சேரியில் போய் ஆஜர் கொடுக்க வேண்டும் என்று வைத்த சட்டம். சென்னை மாகாணத்தில் அது 1947-ல்தான் ஒழிந்தது. அந்தப் பெரியவர் தன் பெயரைக் கூப்பிடக் கேட்டது போலீஸ் கச்சேரியில். பேரன் பெயரைக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்தில். அதைக் காதால் கேட்கத்தான் அவர் வந்து நின்றார். அதே சட்டம் நடப்பில் இருந்த 1920-களில், அதில் சிக்கிய சனங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவைதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பெயர்ப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இனி பார்க்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பெண்பிள்ளைகள் கதை வேறு. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேலே பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். உத்தமபாளையத்தில் 1956-லேயே கருத்த ராவுத்தர் கல்லூரி வந்துவிட்டது. பையன்கள் பஸ் ஏறினார்கள். "பொம்பளப் பிள்ளைய பஸ் ஏத்தி அனுப்பவா?" என்று கேட்ட வீடுகள், அதே படிப்பு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது பேசாமல் அனுப்பின. அந்த இரண்டு வருடம்தான் நம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பெண்களை ஆசிரியராகவும் செவிலியராகவும் ஆக்கியது. அவர்களில் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

எல்லோரும் படித்துவிட்டோமா? இல்லை. ஆடி, ஆவணி வந்தால் மலையில் ஏலக்காய் எடுப்பு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பாதையிலும் சனம் மேலே போகும். தாய் மலைக்குப் போனால், மூத்த பெண்பிள்ளை வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவள் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது. டீச்சர் ஒரு கணம் தலைதூக்கிப் பார்ப்பார், பிறகு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். எங்கள் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் இந்த அவையில் இல்லை. மலையிலேயே வேலைக்கு நின்றுவிட்டவர்களும் உண்டு. நம் வட்டாரத்தில் பிறந்து உலகம் அறிய வளர்ந்தவர்களைச் சொல்லி நாம் கைதட்டுகிறோம். பண்ணைப்புரம் தந்த இளையராஜா, அல்லிநகரம் தந்த பாரதிராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, பெரியகுளம் தந்த மு.மேத்தா. கைதட்ட வேண்டியதுதான். ஆனால் பெஞ்சை விட்டு எழுந்து போனவர்களையும் எண்ணிப் பார்த்தால்தான் நம் பள்ளிக்கூடத்தின் கணக்கு நேராகும்.

இன்றைக்கும் விடியும் முன்னே மலைத் தோட்ட வேலைக்கு ஜீப் கிளம்புகிறது. அடுப்பு மூட்ட நேரமில்லாமல் தாய் ஏறுகிறாள். அவள் குழந்தைக்குக் காலைச் சாப்பாடு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. மறு வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் அது வந்தது. காலைக்குப் பதில் கிடைத்தது. சாயங்காலம்? மணி அடித்ததிலிருந்து ஜீப் இறங்கும் வரை அந்தப் பிள்ளை எங்கே இருக்கும், யார் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்? அதற்கு அரசாங்கத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அது நம் வேலை.

நாம் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். போட்டோ எடுக்கிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம், வாட்ஸ்அப்பில் வாழ்த்துகிறோம். அதோடு இந்த வேலையையும் சேர்த்துக்கொள்வோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. கூட்டத்துக்குப் போங்கள். சாயங்காலம் நூலக அறையைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியர் அம்மாவிடம் அனுமதி கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு மாலை வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அந்த அறைக்குப் புத்தகமும் விளக்கும் வாங்கிக் கொடுங்கள். ஏலக்காய் எடுப்பு நாட்களில் எந்தப் பிள்ளை தொடர்ந்து வரவில்லையோ, அந்த வீட்டுக் கதவை நம்மில் ஒருவர் போய்த் தட்டுவோம்.

மேடைக்குக் கீழே ஒரு மேசையும் நோட்டும் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன் உங்கள் பெயரையும், உங்களால் வர முடிந்த கிழமையையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.