இருப்புக் கணக்கில் நேர்ந்த பிழை



கோலார் தங்கவயலில் பொன் எடுத்த காலத்தில், பாறையை இடித்துப் பொடியாக்கிய ஆலைகளில் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் இருந்தன. பொன்துகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். உரிய நாளில் தகடுகளைச் சுரண்டி எடுத்த பின்னரே கிடைத்தது எவ்வளவு என்பது தெரியும். அதுவரை தகட்டின்மேல் உள்ள பொன், இருந்தும் கணக்கில் இல்லாத பொன். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே: கடையில் இருந்தும் ஏட்டில் ஏறாமற்போன சரக்கு.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம்மவருள் பலர் மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். அவர்களுள் கம்பெனிகளில் கணக்கெழுதுவோர் உண்டு. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடை நடத்துவோரும் உண்டு. அவர்களை எண்ணியே இதனைச் சொல்லுகின்றோம்.

சரக்கிருப்பை அறிய இரண்டு முறைகள் உள்ளன. வெடிமருந்து போன்ற பொருளை ஆண்டுக்கொருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் விட்டுவிடமாட்டார். கொடுத்ததும் திரும்பியதும் அன்றன்றே பதிவாக வேண்டும். இது தொடர் இருப்பு முறை. ஜவுளிக்கடையில் ஒவ்வொரு துண்டுக்கும் அவ்வாறு எழுதுதல் பெருந்தொல்லை. ஆதலின் ஆண்டு முடிவில் ஒருமுறை எண்ணி, தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்து, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் காண்கின்றனர். இது காலமுறை. எளிது, ஆனால் எண்ணாமல் விட்டதெல்லாம் விற்றதாகவே கொள்ளப்படும்!

உறவினர் நால்வர் சமபங்கில் நடத்தும் ஒரு சிறு ஜவுளிக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்க இருப்பு ரூ. 2,00,000, கொள்முதல் ரூ. 10,00,000; விற்பனை ரூ. 12,00,000. மார்ச் 31-ஆம் நாள் எண்ணியபோது இருப்பு ரூ. 1,50,000. மொத்த இலாபம் ரூ. 1,50,000 என்று கணக்கு முடிந்தது. ஆனால் அன்று மாலை லாரிக் கொட்டகையில் வந்திறங்கிய ரூ. 40,000 பெறுமான பேல்களின் பட்டியல் கொள்முதல் ஏட்டில் ஏறிவிட்டது. பேல்களை எவரும் எண்ணவில்லை. உண்மை இலாபம் ரூ. 1,90,000.

அடுத்த ஆண்டிலும் அதே கொள்முதல், அதே விற்பனை. இறுதி இருப்பு ரூ. 2,00,000, இம்முறை சரியாக எண்ணினர். ஆயினும் தொடக்க இருப்பு குறைவாதலின் இலாபம் ரூ. 2,50,000 எனத் தோன்றும். உண்மையில் அது ரூ. 2,10,000. இரண்டாண்டையும் கூட்டிப் பாருங்கள்: பிழையான கணக்கிலும் ரூ. 4,00,000, சரியான கணக்கிலும் ரூ. 4,00,000. பிழை தன்னைத்தானே ஈடுசெய்துகொண்டது.

‘பின் என்ன கவலை?’ என்று கேட்போர் உளர். முதலாண்டு முடிவில் நால்வருள் ஒருவர், ஐந்தொகையில் கண்ட மதிப்புக்குத் தம் பங்குகளை மற்றவருக்கு விற்றுவிட்டுக் குடியாத்தம் திரும்பிவிட்டார் என்று கொள்வோம். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவருக்கு ரூ. 10,000 குறைந்தது. கணக்கு தானே நேராகிவிட்டது. அவர் கைக்கு அந்தப் பணம் தானே வந்து சேருமா?

இரண்டாம் ஆண்டின் ஏடு முடிவதற்குள் பிழை புலப்பட்டால், தொடக்க இருப்பில் ரூ. 40,000 பற்று எழுதி, முன்னாண்டு இலாபத் திருத்தமாக வரவு வைக்க வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 5-ஐப் பின்பற்றும் கம்பெனிகள் இத்தொகையை இலாப நட்டக் கணக்கில் முற்காலத்து இனமாகத் தனியே காட்டுகின்றன. பெருங்கம்பெனிகளுக்குரிய ‘இண்ட் ஏ.எஸ். 8’ கடந்த ஆண்டின் எண்களையே திருத்தி எழுதச் சொல்லுகிறது. விற்பனைக்கணக்கோடு சேர்த்து நடப்பாண்டு இலாபத்தில் கரைத்துவிடுதல் இரண்டுக்குமே ஒவ்வாது. மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் ஏட்டில் எழுத ஒன்றுமில்லை. எனினும் பழைய எண்களை ஒப்பிட்டுக் காட்டும் இடத்தில் திருத்தியே காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பேல்களும் எண்ணப்படாமல், பட்டியலும் ஏறாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தால் இலாபம் மாறாது. ஐந்தொகையில் சரக்கும், கொடுக்கவேண்டிய கடனும் மட்டும் ரூ. 40,000 குறைந்து நிற்கும். திருத்தும்போது இலாபக்கணக்கைத் தொடக்கூடாது. அவசரக்காரர் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

தவறுதலாக நேர்ந்த பிழை அடுத்த ஆண்டில் ஆறிவிடும். வேண்டுமென்றே செய்தது ஆறக்கூடாது என்பதே செய்தவனின் கவலை. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலையின் மேலாளர் ஆண்டுதோறும் இருப்பை மிகைப்படுத்திக் காட்டினார். மிகையான இறுதி இருப்பு மறுவருடம் மிகையான தொடக்க இருப்பாகி இலாபத்தை விழுங்குமன்றோ? ஆகவே இத்தகையோர் மிகையை மேன்மேலும் பெருக்க நேரும். 1896-இல் மேல்முறையீட்டு மன்றம், மேலாளரின் சான்றை நம்பிய தணிக்கையாளர்மீது குற்றமில்லை என்றது. தொடக்க இருப்பு, கொள்முதல், விற்பனை மூன்றையும் ஒப்பிட்டிருந்தால் ஐயம் பிறந்திருக்கும் என்பதை இன்றைய கணக்கர் எளிதில் உணர்வர்.

நம் ஜவுளிக் கம்பெனியிலும் அந்த ஒப்பீடு போதும். விற்பனையில் மொத்த இலாபம் முதலாண்டு நூற்றுக்கு 12.5, மறுவருடம் 20.8. விலையும் மாறவில்லை, வாடிக்கையும் மாறவில்லை எனில் இத்துணைத் துள்ளல் எங்கிருந்து வந்தது? கணக்கர் அங்கேயே நின்று, மார்ச் மாதக் கடைசிப் பட்டியலையும் லாரி ரசீதையும் எடுத்து எண்ணிக்கைத் தாளோடு வைத்துப் பார்க்கட்டும். பேல்கள் அகப்படும். ஏட்டைத் திருத்தியபின் குடியாத்தத்துக்கு ஒரு கடிதமும், உரியதாயின் ரூ. 10,000-மும் போய்ச் சேர வேண்டும்.