படம் கீறிச் சோறு தின்ன முடியுமா?

(சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலில், கலைத்தொழில் பயிற்சிக்குப் போன நால்வர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



நாங்கள் நாலு பேரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் அல்ல. ஆனால் நாலு பேரும் லயத்தில் பிறந்தவர்கள். நாலு பேரின் அம்மாமாரும் கொழுந்து எடுப்பவர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு கலைத்தொழில் படிக்கப் போனோம். எங்களில் ஒருத்தி தையலும் உடை வடிவமைப்பும் படித்தார். இன்னொருத்தி கணினி வரைகலை, அதாவது நோட்டீஸ், பெனர், புத்தக அட்டை போன்றவற்றைக் கணினியில் வடிவமைக்கும் வேலை. ஒருவர் புகைப்படமும் வீடியோவும். நாலாவது தம்பியும் வரைகலை படிக்கத்தான் போனார்.

மூன்று பேரிடம் சான்றிதழ் இருக்கிறது. தம்பி மூன்றாம் மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். எங்கள் நாலு பேரிலும் நன்றாகப் படம் கீறுபவர் அவர்தான். அதனால் இந்த உரையை மூன்று பேராக எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் கேட்ட கேள்வி

விண்ணப்பப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போன அன்று நாலு வீட்டிலும் ஒரே கேள்விதான் வந்தது. "படம் கீறிச் சோறு தின்ன முடியுமா?" தையல் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, கார்மண்டில் வேலை கிடைக்கும் என்றார்கள். மற்ற மூன்றுக்கும் அந்த மரியாதைகூட இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கிலோ கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கும் அம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருக்கிறது. நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. துணி வெட்டும் நல்ல கத்தரிக்கோல் ஒன்றுக்கே இரண்டு நாள் பேர் காசு போனது. வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்று சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் துணி, நூல், அளவு வெட்டும் பிரவுண் பேப்பர், கமராவுக்கு மெமரி கார்ட், பஸ் காசு, அறை வாடகை எல்லாம் வீட்டுத் தலையில்தான் விழுந்தன. ஒரு அம்மா சீட்டைத் தள்ளி எடுத்தார். ஒரு அம்மா தோட்டை அடகு வைத்தார். இன்னும் மீட்கவில்லை.

வகுப்பறையில் நடந்தது

முதல் நாள் ஆசிரியர் அன்பாகத்தான் பேசினார். சிங்களத்தில் பேசினார். கணினித் திரையில் இருந்தது எல்லாம் ஆங்கிலம். நாங்கள் தமிழில் யோசித்து, சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் இருந்த பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை வேலையை முடித்து எழும்பும்போது, நாங்கள் எந்தப் பொத்தானைச் சொன்னார் என்று தேடிக்கொண்டிருப்போம். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சமாளிக்கிற சிங்களம் வேறு, பாடம் கேட்கிற சிங்களம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வரைகலைத் தங்கைக்குக் கைகொடுத்தவர் அதே வகுப்பில் படித்த ஒரு சிங்கள நங்கி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாடத்தை மறுபடியும் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய அப்பா மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். வறுமையைப் பற்றி அவருக்கு நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தம்பிக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. கையால் ஒரு முகத்தைக் கீறச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கீறிவிடுவார். எழுத்துப் பரீட்சைத் தாளில் கேள்வியே விளங்கவில்லை. இரண்டு தடவை குறைந்த புள்ளி. மூன்றாவது தடவை பரீட்சைக்குப் போகவில்லை. "எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவருக்கு வராதது மொழி. ஆனால் தோட்டத்தில் எல்லோரும் அவருக்குப் படிப்பே வராது என்று பேசினார்கள்.

தோழர்களே, நமது நாட்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, ஒருவர் இரண்டு தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெற உரித்துடையவர் என்று சொல்கிறது. உயர்கல்வி நிலையங்களுக்கு அதில் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண தரம் முடித்த பிள்ளை படிக்கும் தொழில் வகுப்பையும் அப்படி விட்டுவிடுவதா என்பதுதான் எங்கள் கேள்வி.

நாங்கள் படித்தது என்ன?

கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தங்கச்சிமார் பயந்துவிடுவார்கள். நல்லதையும் சொல்ல வேண்டும்.

தையல் படித்தவர் முதல் மாதம் முழுவதும் தையல் பிரித்தார். தைத்ததை ஆசிரியை பார்ப்பார், பிரி என்பார். கழுத்து வளைவு அரை அங்குலம் பிசகினால் தோள் ஏறிக்கொள்ளும் என்று பிரித்துப் பிரித்துத்தான் கை படித்தது. இன்று ஒரு ஆளைப் பார்த்தாலே அளவு ஓரளவு மனதில் வந்துவிடும் என்கிறார்.

வீடியோ படித்தவருக்கு ஒலிப்பதிவுப் பயிற்சிக்கு ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பதிந்து வரச் சொன்னார்கள். அவர் தாத்தாவின் தப்பைப் பதிந்தார். முதல் பதிவு முழுவதும் கரகரத்துப் போனது. தப்பு அடி பலமானது. மைக்கைப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துவிடும். தள்ளி வைத்து, அளவைக் குறைத்துப் பதிய வேண்டும். தாத்தா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "தோலைக் காய்ச்சாம அடிச்சா எந்த மெஷின்ல புடிச்சாலும் சத்தம் செத்துத்தான் இருக்கும்." நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சி, மறுபடி பதிந்தார்கள். அந்த ஒலியை வகுப்பில் போட்டபோது எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். இதை யார் அடித்தது என்று ஆசிரியர் கேட்டாராம். அன்றைக்குத்தான் தாத்தாவுக்கும் தனக்கும் ஒரே தொழில் என்று எங்கள் தோழருக்குப் பட்டது.

நாங்கள் கலை படிக்க முதன்முதலில் போன இடம் நகரத்து வகுப்பு அல்ல. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் பொட்டல்தான். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று விடிய விடியப் பார்த்துத்தான் எங்களுக்கு நிறமும் தாளமும் உடுப்பும் பழகின. அங்கே வேஷம் கட்டுகிறவர், முடி செய்கிறவர், தப்பு அடிக்கிறவர் எல்லோருமே கலைத்தொழிலாளர்கள்தான். சான்றிதழ் இல்லாதவர்கள், அவ்வளவுதான்.

சங்கத்துக்கும் கலை புதிதல்ல. தோட்டங்களில் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரோடு அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும் நின்றார். கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன சி.வி. வேலுப்பிள்ளை கவிஞர், தொழிற்சங்கவாதி, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். எழுத்து தெரியாத கூட்டத்துக்கு உரிமையைப் பாட்டில் சொன்ன மரபு நம்முடையது. அதனால் இந்த விஷயத்தை இங்கே பேச எங்களுக்குக் கூச்சமில்லை.

படித்து முடித்த பிறகு

எங்களில் ஒருவர் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். கலியாண வீட்டில் இரவு இரண்டு மணி வரை கமராவோடு நிற்பார். காலையில் எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். ஏழு மாதம் "பழகுகிறாய்தானே" என்று சொல்லிச் சொல்லிக் கைச்செலவுக்கு மட்டும் கொடுத்தார்கள். நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இல்லை. அம்மாவுக்குத் தோட்டத்தில் ஈ.பி.எஃப். இலக்கம் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிய மகனுக்கு இல்லை.

இதைச் சங்கக் காரியாலயத்தில் சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சில விஷயங்கள் விளங்கின. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். ஊழியர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. வேலை நேரம், லீவு, நியமனக் கடிதம் எல்லாம் அதில் வருகின்றன. மீறினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கமரா பிடிக்கிற கையும் தொழிலாளியின் கைதான். இது எங்களுக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தராத பாடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபிக்காமல் கேளுங்கள். ஊருக்கு வந்தால், "தம்பி, திருவிழாவுக்கு ஒரு நோட்டீஸ் போட்டுக் குடு", "தங்கச்சி, பிள்ளைகளின் டான்சுக்குப் பத்து சட்டை தைச்சுக் குடு" என்று கேட்கிறார்கள். சந்தோஷமாகச் செய்கிறோம். ஆனால் ஒரு இராத்திரி முழுக்க விழித்துச் செய்த வேலைக்கு, "சும்மா கம்பியூட்டர்ல தட்டுறதுதானே" என்று சொன்னால் வலிக்கிறது. சங்கத்தின் மே தினப் பெனரையும் போன வருஷம் நாங்கள் இலவசமாகத்தான் செய்தோம். உழைப்புக்கு ஏற்ற கூலி என்று அந்தப் பெனரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். (இந்த இடத்தில் சபையில் சிரிப்பு எழுந்தது.)

சேரப் போகும் பிள்ளைகளுக்கு

காசு கட்டுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, அந்த நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும்.

இரண்டு, நீங்கள் சேரும் பாடநெறிக்குத் தேசிய தொழிற் தகைமை, நாம் என்.வி.கியூ. என்று சொல்வது, கிடைக்குமா? எத்தனையாம் மட்டம்? நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மினுங்குகிற அட்டையில் பெயர் அடித்துக் கொடுப்பதெல்லாம் என்.வி.கியூ. ஆகாது.

மூன்று, பாடம் எந்த மொழியில்? பரீட்சைத் தாள் எந்த மொழியில்? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நாலு, துணி, நூல், கமரா, கணினி எல்லாம் யார் தருவது? எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு கமரா? எங்கள் வகுப்பில் முறை வருவதற்குள் வெளிச்சம் போய்விடும்.

ஐந்து, வேலைத்தளப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம், கொடுப்பனவு உண்டா?

வயது போய்விட்டது என்று நினைக்கும் அக்காமாருக்கும் ஒரு வழி உண்டு. பத்து, பதினைந்து வருஷமாக வீட்டில் தைப்பவர்கள், மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்கிறார்கள். பக்கத்துத் தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் விசாரியுங்கள்.

சங்கத்திடம் எங்கள் கோரிக்கை

மூன்றே மூன்றுதான். மலையகத்தில் நடக்கும் கலைத்தொழில் வகுப்புகளில் தமிழ்மொழி மூல ஆசிரியரும் தமிழ்ப் பரீட்சைத் தாளும் வேண்டும் என்று சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். பயிற்சி முடித்துச் சிறு கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எடுத்து, அவர்களையும் அங்கத்தவராக்க வேண்டும். கத்தரிக்கோல், தையல் மெஷின், பழைய கணினி போன்றவற்றைப் படிக்கும் காலத்துக்கு இரவல் கொடுக்க ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். தோட்டை அடகு வைக்கும் இன்னொரு அம்மாவை நாங்கள் பார்க்க விரும்பவில்லை.

கடைசியாகத் தம்பியைப் பற்றி. அவர் இப்போது கொழும்பில் ஒரு கடையில் சாமான் தூக்குகிறார். இந்த உரைக்காக லீவு கேட்டு, இரவு பஸ்ஸில் வந்து, அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வரமாட்டேன் என்றார். வாசலில் நீங்கள் பார்த்தீர்களே, தப்பு அடிக்கும் தாத்தாவின் படம், அது அவர் இராத்திரி கீறியது. அடுத்த சேர்ப்புக்கு அவருடைய விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். இந்த முறை மாலையில் அவருக்குப் பாடத்தைத் தமிழில் திருப்பிச் சொல்ல எங்கள் வரைகலைத் தங்கை ஒத்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்து மட்டும்தான் அவர் போட வேண்டும்.

படம் கீறிச் சோறு தின்ன முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். மொழி விளங்க வேண்டும், சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும், செய்த வேலைக்குக் கூலி கிடைக்க வேண்டும். இவை மூன்றும் சங்கம் தலையிட வேண்டிய விஷயங்கள்தான்.