பழைய கெப் வண்டியும் பின் டிப்பரன்ஷலும்
(இளைஞர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



வண்டிப் பேச்சு நலன்புரிக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலையோ கைக்கு எட்டாது. அதனால் பழைய கெப்பை நம்பித்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன. நடுராத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போவதும் அதில்தான். இரத்தினபுரி மழையில் தோட்டத்து ரோட்டில் வண்டி புதைந்தால் என்ன கதி?

வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்கு வழிவிடுவது டிப்பரன்ஷல். சாதாரண டிப்பரன்ஷலில் ஒரு சில்லு சேற்றில் விழுந்தால் அது மட்டும் சும்மா சுற்றும். சில கெப் வண்டிகளில் 'லிமிட்டட் ஸ்லிப்' வகை இருக்கும். அதன் உள்ளே பிளேட்டுகள் அடுக்காக இருந்து, ஒன்றையொன்று அழுத்தி, மற்றச் சில்லுக்கும் இழுவை கொடுக்கும். பிளேட் தேய்ந்தால் அதுவும் சாதாரண டிப்பரன்ஷல் மாதிரித்தான்.

சோதிப்பது இப்படி. முன்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பின்சில்லு இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே பக்கம் சுற்றினால் பிளேட்டில் இன்னும் பிடி இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் பிடி போய்விட்டது.

திருப்பத்தில் கடகடவென்று அதிர்ந்தால் உடனே கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் லிமிட்டட் ஸ்லிப்புக்கு உரிய ஒயிலை மாற்றி, வெட்டவெளியில் மெதுவாக எட்டுப்போட்டு ஓட்டிப் பாருங்கள். பலமுறை அதோடு சரியாகும். பணமும் மிச்சம்.

கழற்றத்தான் வேண்டுமென்றால் பாஸிடம் இதைக் கேளுங்கள். பெயரிங் மூடிகளை இடம் வலம் மாறாமல் அடையாளம் போட்டாரா? ஷிம், பிளேட் வரிசையை எழுதி வைத்தாரா? கருகிய, கீறல் விழுந்த பிளேட்டை மாற்றினாரா? புதுப் பிளேட்டை ஒயிலில் ஊறவைத்தாரா? பூட்டிய பிறகு எவ்வளவு முறுக்கில் வழுக்குகிறது என்று அளந்து, கம்பனிப் புத்தகத்தோடு ஒப்பிட்டாரா? கிரவுன் பற்களின் இடைவெளியைச் சரிபார்த்தாரா? பஞ்சிகாவத்தையில் பழைய டிப்பரன்ஷல் வாங்கினாலும் இதையெல்லாம் பார்க்காமல் பூட்டக்கூடாது.

'இன்னும் இறுக்கிப் பூட்டுங்க' என்று சொல்லாதீர்கள். அந்த இறுக்கம் ரேஸ் வண்டிக்கு. நமக்கு ஆஸ்பத்திரி, டவுன், பள்ளிக்கூடம், அவ்வளவுதானே? அளவுக்கு மீறினால் டயர் தேயும், ஈர வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். பின்டயர் இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் ஓயாமல் உரசித் தேயும்.

கடைசியாக ஒன்று. இந்த வகை வண்டியில் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போடவே கூடாது. தரையில் நிற்கும் சில்லு இழுத்து, வண்டி ஜக்கை விட்டுப் பாய்ந்துவிடும். அடியில் இருப்பவர் யாருடைய மகனோ, யாருடைய புருஷனோ. கராஜில் வேலை பழகும் தம்பிமார் இதை மறக்க வேண்டாம். சில்லுக்குக் கட்டை வைக்காமல், ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பாஸ் அவசரப்படுத்தினாலும் போகாதீர்கள்.