பன்னிரண்டு பேருக்கு மட்டுமே இடம்



மரியாவையும் யோசேப்பையும் திருப்பி அனுப்பிய விடுதிக்காரரை ஆண்டுதோறும் நாம் திட்டுகிறோம். நற்செய்தியில் அப்படி ஒருவர் வருவதே இல்லை. குடில் நாடகம் போடும் நம் இளைஞர்கள் சேர்த்துக்கொண்டவர் அவர். நற்செய்தி சொல்வது இடமில்லை என்பதை மட்டுமே. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிக்கலே அங்கேதான்.

'மெரிடித் விக்டரி' 1945-இல் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தின் தளவாடங்களைச் சுமக்க அதை எடுத்துக்கொண்டார்கள். பணியாளர்கள் போக 12 பயணிகளுக்குத்தான் அதில் வசதி. 1950 டிசம்பரில் வடகொரியாவின் ஹங்நாம் துறைமுகத்தில், சீனப் படைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் கரையெல்லாம் நின்றார்கள். கப்பல் ராணுவப் பணியில் இருந்தாலும் அதை ஓட்டியவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். ஆகவே அகதிகளை ஏற்றும்படி அதிகாரிகள் கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடிந்தது. 36 வயதான கப்பல் தலைவர் லெனார்ட் லாரூ சரி என்றார்.

சொல்வது எளிது. கப்பலுக்குள் விமான எரிபொருள் பீப்பாய்கள், கடலில் கண்ணிவெடிகள். மருத்துவர் இல்லை. மொழிபெயர்க்க ஆளில்லை. சரக்கு அறைகளில் விளக்கும் கணப்பும் கிடையாது. பாரந்தூக்கியால் மக்களை மூட்டைகளைப்போல் உள்ளே இறக்கினார்கள். ஏறத்தாழ 14,000 பேர்! குளிர் தாங்காமல் சிலர் அந்தப் பீப்பாய்களின் மேலேயே தீ மூட்டினார்களாம். 24-ஆம் தேதி பூசான் துறைமுகம், இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. மறுநாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அன்று, கோஜே தீவை அடைந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. மாலுமிகளுக்குத் தெரிந்த கொரியச் சொல் அதுதான் போலும், 'கிம்ச்சி 1' முதல் 'கிம்ச்சி 5' வரை என்று அந்த நாட்டு ஊறுகாயின் பெயரை வைத்துவிட்டார்கள்!

அன்பர்களே, லாரூ முதலில் சரி என்றார். அதன்பிறகு இடம் தேடினார். வயதான அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகள் என்னிடம் பேச வரும்போது, முதலில் அறைகளைத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அம்மா வெளியே திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லாரூ 1954-இல் நியூ ஜெர்சியின் நியூட்டன் நகரிலுள்ள ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, சகோதரர் மரீனுஸ் ஆனார். பாத்திரம் கழுவினார், மடத்துக் கடையைக் கவனித்தார், 2001-இல் இறந்தார். அவரைப் புனிதராக்கும் முயற்சியைப் பாட்டர்சன் மறைமாவட்டம் 2019-இல் தொடங்கியது. அவருடைய மடத்தில் ஆள் குறைந்து மூடும் நிலை வந்தபோது, அதை ஏற்று நடத்த வந்தவர்கள் கொரிய நாட்டுத் துறவிகள்.