எடுத்த பிறகு எப்படி இருக்கும்?

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசுவோம். இன்றைக்கு அந்தப் பதிவேடுகளை ஒரு பக்கம் மூடி வைத்துவிட்டு நம் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுகிற மார்பைப் பற்றி. இங்கே எல்லாரும் பொம்பளைங்கதான். முந்தானையை இழுத்து வாயை மூடிக்க வேண்டாம். கேள்வி இருந்தா நடுவிலேயே கேளுங்க.

ஏன் இதைப் பேசுகிறோம்? நம் ஊர்களில் மார்பில் கட்டி வந்தால் பல பெண்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லாமலே வைத்திருக்கிறார்கள். ஏம்மா சொல்லலை என்று கேட்டால், உயிர் போயிடுமோன்னு பயந்தேன் என்று சொல்பவர்களை விட, "எடுத்துடுவாங்களாமே, எடுத்துட்டா எப்படி இருக்கும், வீட்டுக்காரர் முகத்துல எப்படி முழிக்கிறது" என்று சொல்பவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. "அதெல்லாம் சரியாயிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். பதில் தெரியாத பயம் பெரிய பயம். அதனால் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவோம்.

இந்தியாவில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இன்று முதல் இடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது எது என்று கையால் தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. வலி இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

எல்லோருக்கும் முழுதாக எடுப்பதில்லை

நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் காட்டிய வழியில்தான் உலகம் முழுக்க அறுவை செய்தார்கள். மார்போடு சேர்த்து அதற்குக் கீழே இருக்கிற தசையையும் எடுத்துவிடுவார்கள். நெஞ்சு குழிந்து, விலா எலும்பு தெரியும். நம் பாட்டி காலத்துப் பெண்கள் கேட்டுப் பயந்தது அந்த அறுவையைத்தான். இன்றைக்கு முழுதாக எடுக்க வேண்டி வந்தாலும் அந்தத் தசையைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தவர்களுக்குக் கட்டியையும் அதைச் சுற்றி கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, கதிர் சிகிச்சை கொடுத்தால் போதுமா என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் சோதித்துப் பார்த்தார்கள். 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். முழுதாக எடுத்தவர்களுக்கும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும் சகோதரிகளே. மார்பை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைத்து வைப்பதால்தான் பல பேருக்கு மார்பை முழுதாக எடுக்க வேண்டி வருகிறது. சுண்டைக்காய் அளவில் காட்டியிருந்தால் மார்பு மிஞ்சும் வாய்ப்பு அதிகம். எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்த பிறகு காட்டினால் அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது.

முழுதாக எடுத்தால் எப்படி இருக்கும்?

அந்தப் பக்கம் தட்டையாக இருக்கும். குறுக்காகவோ கொஞ்சம் சாய்வாகவோ ஒரு நீளமான தழும்பு இருக்கும். காம்பு பெரும்பாலும் இருக்காது. முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும், தோல் கன்றிப்போய் நீலமாகத் தெரியும். உள்ளே ஊறுகிற நீர் வெளியே வருவதற்கு ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள். நீர் குறைந்ததும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், அதை எடுத்துவிடுவார்கள். குழாயை எடுத்த பிறகும் சில பேருக்கு நீர் கோத்துக்கொண்டு புடைத்து நிற்கும். ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அது நோய் திரும்பி வந்ததாக அர்த்தம் இல்லை.

தழும்பு முதலில் தடிப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். மாதங்கள் போகப் போக நிறம் மங்கி, மெலிந்து வரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் வாரம் பார்த்த தழும்பா இது என்று இருக்கும். கதிர் சிகிச்சை கொடுத்தால் அந்த இடத்துத் தோல் கறுத்து, கொஞ்சம் இறுகிப் போகலாம்.

நெஞ்சிலும், கையின் உள்பக்கம் மேலேயும் மரத்த மாதிரி இருக்கும். இந்த மரப்பு சில பேருக்குக் குறையும், சில பேருக்கு அப்படியே நின்றுவிடும். இல்லாத மார்பில் அரிக்கிற மாதிரி, குத்துகிற மாதிரி சில பேருக்குத் தோன்றும். பைத்தியம் பிடிச்சிருச்சோ என்று பயப்பட வேண்டாம். நரம்பு செய்கிற வேலை அது.

பை வைப்பதும், பையை எடுப்பதும்

"எடுத்த இடத்துல பை வச்சுத் தைச்சுடுவாங்களாமே?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். உண்மைதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1962-ல் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற, ஆறு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதன்முதலில் சிலிக்கோன் பை வைத்தார்கள். இன்றைக்கு நம் மாநிலத்திலும் செய்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் இதை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது செய்தித்தாள்களில் பெரிய பேச்சாக இருந்தது. பை இல்லாமல், வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ நம் சொந்தச் சதையை எடுத்து மார்பு போல அமைப்பதும் உண்டு.

ஆனால் பை ஆயுள் முழுக்க இருக்கும் பொருள் இல்லை. இதை வைத்துக்கொள்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு தனக்குச் சொந்தம் இல்லாத பொருளைச் சுற்றி ஒரு சவ்வு கட்டிக்கொள்ளும். சில பேருக்கு அந்தச் சவ்வு சுருங்கி இறுகிக் கல் மாதிரி ஆகி வலிக்கும். பை கிழியலாம், கிருமி தொற்றலாம். மேல்புறம் சொரசொரப்பாகச் செய்த ஒரு வகைப் பையால் அரிதாக வேறொரு புற்றுநோய் வருகிறது என்று தெரிந்து, 2019-ல் அந்தப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இப்படிப் பல காரணத்தால் பையை எடுக்க வேண்டி வரலாம்.

எடுத்தால் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஆள் மாறும். சொந்த மார்பு இருக்கும்போதே அழகுக்காகப் பை வைத்தவர்கள் என்றால், பையை எடுத்ததும் மார்பு சிறுத்து, தோல் தொய்ந்து, மேல்பக்கம் காலியாகத் தெரியும். நமக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னால் புரியும். பிள்ளைக்குப் பால் மறக்கடித்த பிறகு மார்பு எப்படி வற்றித் தளர்ந்ததோ, அந்த மாதிரி. எடுத்த உடனே பார்த்தால் பள்ளமாகவும் சுருக்கமாகவும் இருக்கும். அமுங்கிக் கிடந்த சதை சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வரும், தோலும் ஓரளவு சுருங்கும். முழு உருவம் தெரியப் பல மாதம் ஆகும். வயது, தோலின் இறுக்கம், பையின் அளவு, எத்தனை வருடம் உள்ளே இருந்தது என்பதெல்லாம் இதில் சேரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காமலும் போகலாம். தொய்வு அதிகம் இருந்தால் தோலைத் தூக்கித் தைக்கிற அறுவையும் உண்டு.

புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பை வைத்தவர்களுக்கு உள்ளே சொந்தச் சதை இல்லை. அதனால் பையை எடுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும், மிஞ்சிய தோல் மடிப்பாக நிற்கும். அந்த மடிப்பை எடுத்துச் சமமாகத் தைக்க முடியுமா, வேறு வழி உண்டா என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை. பை வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவரவர் விருப்பம். வேண்டாம் என்றால் அவள் குறைந்தவள் இல்லை. வேண்டும் என்றால் அவள் ஆசைக்காரி இல்லை.

கையைக் காப்பாற்ற வேண்டும்

அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையை மறந்துவிடுகிறார்கள். நமக்கோ கைதான் பிழைப்பு. அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளை எடுத்தாலோ, அங்கே கதிர் கொடுத்தாலோ, அந்தப் பக்கக் கையில் நீர் கோத்து வீக்கம் வரலாம். உடனே வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். வளையல் இறுகுகிறது, ரவிக்கைக் கை பிடிக்கிறது என்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் கட்டுப்போட்டுப் பயிற்சி செய்தால் கட்டுக்குள் வைக்கலாம்.

மருத்துவர் சொல்லிக் கொடுக்கிற கைப்பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். சுவரில் விரலை ஏணி மாதிரி ஏற்றுவது, தலை வாருவது எல்லாம் பயிற்சிதான். பயந்துகொண்டு கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, தீவனக் கட்டு இதையெல்லாம் மருத்துவர் சொல்கிற வரை தூக்கக் கூடாது. களை எடுக்கும்போதும், முள் வெட்டும்போதும், அடுப்படியிலும் அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போட வேண்டும். சிவந்து, சூடாகி, காய்ச்சல் அடித்தால் காத்திருக்கக் கூடாது.

துணியில் ஒரு மார்பு

பை வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் ரவிக்கை எடுப்பாக நிற்க வழி உண்டு. கடையில் விற்கிற சிலிக்கோன் மார்பு உண்டு, அது விலை அதிகம். மும்பையில் தன்னார்வப் பெண்கள் பருத்தி நூலில் குரோஷா பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து, கேட்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். வியர்வைக்கு இதமாக இருக்கும், துவைத்துக் காயப்போடலாம்.

நம் கூட்டமைப்பில் தையல் குழுக்கள் எத்தனை இருக்கின்றன! ரவிக்கைக்கு உள்ளே ஒரு பை தைத்து, அதற்குள் வைக்கிற மாதிரி மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சு அடைத்துத் தருவது நமக்கு அரை மணி நேர வேலை. புண் முழுதாக ஆறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். தையல் குழுச் சகோதரிகள் இதை ஒரு சேவையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். போடாமல் தட்டையாகவே இருக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், அதையும் மதிப்போம்.

வீட்டிலும் குழுவிலும்

அறுவை முடிந்து முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கிற நாள் கஷ்டமான நாள். அழுகை வரும். அழட்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். கணவனிடமும் முன்னாலேயே பேசி, கட்டு மாற்றும்போது கூட இருக்கச் சொல்லலாம். இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பிள்ளையை மடியில் வைக்கலாம். ஊர் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு, முன்ஜென்ம பாவம் என்று. அப்படி யாராவது பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்துவது குழுவின் வேலை.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டு நாள் தள்ள வேண்டாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பார்க்கலாம். போக்குவரத்துக்கும் துணைக்கு வருகிறவரின் சாப்பாட்டுக்கும்தான் கைக்காசு வேண்டும். அதற்கு நம் உள்கடன் இருக்கிறது. கந்துவட்டிக்குப் போக வேண்டாம்.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை:

1. 30 வயதுக்கு மேற்பட்ட எல்லா உறுப்பினர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் நாள் கேட்டு, சேர்ந்து போவோம்.

2. கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரித் தடிப்பு, காம்பு உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று தெரிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு.

3. சிகிச்சைக்குப் போகும் உறுப்பினருக்கு உடனடி உள்கடனும், துணைக்கு ஒரு உறுப்பினரும்.

4. சிகிச்சை முடிந்து வந்தவரைக் குழுக் கூட்டத்துக்கு வீட்டில் போய் அழைத்து வருவது.

இரண்டு மார்போடும், ஒரு மார்போடும், மார்பே இல்லாமலும் நம் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற சகோதரி நமக்கு வேண்டும். சந்தா கட்ட அவள் வந்து உட்கார்ந்தால் அதுவே நமக்குச் சந்தோஷம்.